செட்டிநாட்டுப் பழைய வீட்டில் தங்குவதற்கு: முன்பணம் முதல் சாவி ஒப்படைப்பு வரை

காரைக்குடி, கானாடுகாத்தான், கோத்தமங்கலம், பள்ளத்தூர், தேவகோட்டை வட்டாரத்தில் புதுப்பிக்கப்பட்ட நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு ஒன்றில் குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் தங்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் ஓர் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி இப்படி ஒரு வீட்டைத் தேடியபோது, வாடகையை ஒருவரிடமும் வரியை இன்னொருவரிடமும் அறைகளின் எண்ணிக்கையை மூன்றாமவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு பொருந்தவும் இல்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். பர்மாத் தேக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் எப்படி வந்தன என்பதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே காகிதமும் பணமும் நேரமும் மட்டுமே.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வீடுகள் ஒரே கூரையின்கீழ்ப் பல புள்ளிகள், அதாவது மணமான மகன்களின் தனித்தனிக் குடும்பங்கள், சேர்ந்து இருப்பதற்காகக் கட்டப்பட்டவை. இன்றும் பல வீடுகள் பங்காளிகளின் பொதுச் சொத்தாகவே இருக்கின்றன. நீங்கள் சந்திக்கப்போகும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்திலிருந்துதான் கிளைக்கிறது.

1. எந்த வகை வீடு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று வகை உண்டு. முதல் வகை, முழுக்க ஓட்டலாக நடத்தப்படும் பாரம்பரிய வீடுகள். கானாடுகாத்தானில் ஒரு தந்தை தம் மகளுக்காகக் கட்டிய விசாலம், அதே ஊரிலுள்ள செட்டிநாடு மேன்ஷன், திருமயம் அருகே கடியாபட்டியிலுள்ள சிதம்பர விலாஸ், பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருவர் புதுப்பித்த கோத்தமங்கலம் சாரதா விலாஸ் ஆகியவை இந்த வகை. காரைக்குடியில் பங்களா என்ற பெயரிலுள்ள ஓட்டலையும் இந்த வரிசையில் சொல்வார்கள். ஆனால் அது முன்பு மன்றமாக இருந்த கட்டடம், ஆகவே வளவும் (அறைகள் சூழ்ந்த நடுமுற்றம்) இரண்டாங்கட்டும் (கட்டு என்பது வீட்டின் ஒவ்வொரு பகுதி) கொண்ட வீட்டை எதிர்பார்த்து அங்கே போகாதீர்கள். இந்த வகையில் வரவேற்பு மேசை, பில், சமையலறை எல்லாம் ஒழுங்காக இருக்கும். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

இரண்டாவது வகை, உரிமையாளரின் குடும்பமோ அவர்களுடைய வேலையாட்களோ வீட்டிலேயே இருக்க, நான்கைந்து அறைகளை மட்டும் விருந்தினருக்குத் தருவது. மூன்றாவது வகை, முழு வீட்டையும் உங்களுக்கென்றே சில நாட்களுக்கு விட்டுவிடுவது. குடும்ப விழா, பள்ளித் தோழர்கள் கூடுவது போன்றவற்றுக்கு மூன்றாவது வகையைத்தான் எல்லோரும் விரும்புகிறார்கள். கவனம் மிக அதிகமாகத் தேவைப்படுவதும் அதற்குத்தான். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் முதல் இரண்டு வகையோடு நின்றுகொள்வது நல்லது என்பதே என் கருத்து. இருபது பேருக்குமேல் சேரும்போதுதான் முழு வீட்டுக் கணக்குக் கட்டுப்படியாகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் தூண்களையும் நிலைகளையும் வாங்கி வந்து நட்டு, சிமெண்டில் புதிதாக எழுப்பிய விடுதிகளும் செட்டிநாட்டு வீடு என்ற பெயரில் விளம்பரமாகின்றன. அவற்றில் தங்குவது குற்றமில்லை. ஆனால் பழைய வீட்டுக்கான விலையை அங்கே கொடுக்கக் கூடாது. கட்டிய ஆண்டு என்ன, எந்தக் குடும்பத்து வீடு, தங்கும் அறைகள் பழைய கட்டடத்திலா பின்னால் கட்டிய புதுக் கட்டடத்திலா என்ற மூன்று கேள்விகளுக்கும் நேரடியாகப் பதில் வந்தால் மேலே பேசுங்கள். முகப்பும் வளவும் மட்டும் பழையவையாக இருந்து, படுக்கையறைகள் முழுவதும் கொல்லைப்புறத்துப் புதுக் கட்டடத்தில் இருக்கும் வீடுகள் பல உண்டு.

2. தேதியை வீட்டுக்காரரின் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

வெயிலை வைத்துப் பார்த்தால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் தங்குவதற்கு ஏற்ற காலம். ஏப்ரல், மே மாதங்களில் சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த கூரையும் பகலை ஓரளவு தாங்கும்; மேல்மாடி அறைகள் தாங்கமாட்டா. அக்டோபர் முதல் டிசம்பர் முற்பாதி வரை வடகிழக்குப் பருவமழை. வளவு வானம் பார்த்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

வெயிலும் மழையும் ஒருபுறம் இருக்க, இந்தச் சீமைக்கென்று தனி நாட்காட்டி உண்டு. திருக்கார்த்திகைக்குப் பிறகு 21ஆம் நாள் வரும் பிள்ளையார் நோன்பு, தைப்பொங்கலும் அதை ஒட்டிய சிராவயல் மஞ்சுவிரட்டும், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடியின் நாட்கள், மாசி மகா சிவராத்திரி, குன்றக்குடிப் பங்குனி உத்திரம், பிள்ளையார்பட்டி விநாயகர் சதுர்த்தி ஆகிய காலங்களில் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் குடும்பங்கள் ஊருக்குத் திரும்புகின்றன. அப்போது வீடு அவர்களுக்கே வேண்டும். முன்னோருக்குப் படைப்பு நடக்கும் வீடு என்றால் அந்த நாளில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் தரமாட்டார்கள்; தரவும் கூடாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், படைப்பின் நாளோ பங்காளி வீட்டுக் கல்யாணத்தின் நாளோ பல நேரங்களில் நீங்கள் முன்பதிவு செய்த பிறகுதான் குறிக்கப்படுகிறது. உரிமையாளர் தரப்பு தன் குடும்பக் காரணத்துக்காக ரத்து செய்தால் முழுப் பணமும் எத்தனை நாளில் திரும்பும், அதே ஊரில் மாற்று வீடு ஏற்பாடு செய்து தருவார்களா என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விருந்தினர் ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம் என்பதை எல்லோரும் தெளிவாக எழுதி அனுப்புவார்கள். மறுபக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்டால்தான் பேச்சே வரும்.

ஓட்டல் வகைக்கு, குளிர்காலத்து வார இறுதி என்றால் இரண்டு மூன்று மாதம் முன்னதாகப் பேசுவது போதும். முழு வீட்டுக்கு, முகூர்த்த மாதமானால், ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

3. வாடகைக்கு விடுபவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நாங்கள் முதலில் பேசி முடித்த வீட்டில், படத்தில் தெரிந்த வளவைச் சுற்றிப் பத்து அறைகள் இருந்தன. தரகர் பேச்சிலும் பத்துதான். வீட்டை நேரில் பார்க்கப் போன அன்று ஆறு கதவுகளில் மட்டுமே சாவி திரும்பியது. மற்ற நான்கிலும் பழைய பித்தளைப் பூட்டு தொங்கியது. ஒரு பூட்டின்மேல் துணியைச் சுற்றி அரக்கு முத்திரையும் வைத்திருந்தார்கள். அவை வேறு பங்காளிகளின் அறைகள், அவர்கள் வந்தால்தான் திறக்கும் என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் எங்களிடம் மிக இயல்பாகச் சொன்னார். அவர் சொன்னதில் பொய்யில்லை. வீடு பொது, அறை தனி என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை; தரகர்தான் அதைச் சொல்லாமல் விட்டிருந்தார். கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆகவே, பணம் அனுப்பும் முன் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள். வீட்டின் உரிமையாளர்கள் எத்தனை பேர், வாடகைக்கு விட அவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்களா, உங்களோடு பேசுபவர் உரிமையாளரா, குத்தகைக்கு எடுத்து நடத்துபவரா, வெறும் தரகரா என்பது முதல் கேள்வி. ஓட்டல் வகைக்கு இது தேவைப்படாது; முழு வீடு என்றால் கட்டாயம் தேவை. பத்திரத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்கூட. அதற்குப் பதிலாக, மற்றப் பங்காளிகளின் சம்மதத்தோடு இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இத்தனை அறைகளுடன் வீடு தரப்படுகிறது என்று, அறைகளின் எண்ணிக்கையையும் அவை வீட்டின் எந்தக் கட்டுப் பகுதியில் இருக்கின்றன என்பதையும் குறிப்பிட்டு, கையெழுத்திட்ட ஓர் ஒப்புதல் கடிதம் கேளுங்கள். மின்னஞ்சலில் வந்தாலும் போதும். வாட்ஸ்அப் குரல்செய்தி போதாது.

அடுத்து, பணம் போகும் வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். யுபிஐயில் எண்ணைத் தட்டியதும் தெரியும் பெயரும் ஒப்புதல் கடிதத்திலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு பெயர் வந்தால் காரணம் கேளுங்கள். காரணம் எழுத்தில் வராவிட்டால் அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள இடம் என்றால் அவர்களுடைய 15 இலக்க எண்ணை வாங்கி, ஜிஎஸ்டி இணையதளத்தில் வரிசெலுத்துவோரைத் தேடும் பகுதியில் இட்டுப் பாருங்கள். பதிவு செய்தவரின் சட்டப்படியான பெயரும் பதிவு இன்னும் நடப்பில் உள்ளதா என்பதும் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் பதிவான எண் 33 என்று தொடங்கும். இதற்குச் செலவு எதுவும் இல்லை, ஐந்து நிமிடம்கூட ஆகாது. பிரபலமான வீடுகளின் படங்களைத் திருடி முன்பணம் பறிக்கும் போலி விளம்பரங்களில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே அகப்பட்டுவிடும்.

முன்பணம் எவ்வளவு தரலாம்? சிறிய வீடுகள் சில முழுத் தொகையையும் முன்பே கேட்கின்றன. மொத்தத்தில் கால் பங்கிலிருந்து பாதி வரை முன்பணம், மீதியை வீட்டுக்குள் நுழைந்து அறைகளைப் பார்த்த பிறகு என்று பேசிப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு வீடு தேடுவதே நல்லது. வீடுகளுக்குப் பஞ்சம் இல்லை.

4. வாடகையை வரியோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்

விளம்பரத்தில் காணும் தொகை ஒருபோதும் இறுதித் தொகை ஆகாது. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறைக்கு ஓர் இரவு வாடகை 7,500 ரூபாய் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் 5 சதவீதமும், அதற்கு மேற்பட்டால் 18 சதவீதமும் ஜிஎஸ்டி. இந்த எல்லைக்கோட்டில் விலை எப்படித் தாவுகிறது என்று பாருங்கள்: 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ரூபாய், 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ரூபாய். நூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்துக்கும் மேலாகிவிடுகிறது. விலை கோட்டுக்குச் சற்று மேலே இருந்தால், காலை உணவைச் சேர்க்காத வாடகை உண்டா, வார நாளில் விலை இறங்குமா என்று கேட்பதில் தவறில்லை.

முழு வீட்டுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். உதாரணத்துக்கு, எட்டு அறைகள் கொண்ட வீடு ஓரிரவுக்கு 48,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு 6,000 என்று தனித்தனியாகப் பில் போட்டால் வரி 2,400 ரூபாய். முழு வீட்டையும் ஒரே அலகாகக் காட்டினால் வரி 8,640 ரூபாய். எப்படிக் காட்டுவது என்பது அவர்களுடைய கணக்காளர் தீர்மானிக்கும் விஷயம். நீங்கள் வற்புறுத்த வேண்டாம். ஆனால் எப்படிக் காட்டப்போகிறார்கள் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். விழா நடத்துவதற்கென்று தனியாக இடவாடகை வாங்கினால் அதற்கு 18 சதவீதம்.

உரிமையாளரின் ஆண்டு வருமானம் பதிவு வரம்புக்குக் கீழே இருந்தால் அவர் ஜிஎஸ்டி வாங்கத் தேவையில்லை; வாங்கவும் கூடாது. பதிவு எண் இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி இருந்தால் அதைக் கேள்வி கேளுங்கள். ஆனால் அதே வீட்டை இணையத் தளத்தின் வழியாகப் பதிவு செய்தால், வரியைத் தளமே வாங்கிக் கட்ட வேண்டும் என்பது சட்டம் என்பதால், அங்கே வரி சேர்வது முறையானதுதான். தளங்களில் சேவைக் கட்டணமும் சுத்தம் செய்யும் கட்டணமும் சேரக்கூடும் என்பதால், பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தின் மொத்தத்தை வைத்துத்தான் இரண்டு வீடுகளை ஒப்பிட வேண்டும்.

இவை தவிரத் தனியே வரக்கூடியவை: கூடுதல் படுக்கை, ஓட்டுநர் தங்குமிடம், ஜெனரேட்டர் டீசல், வெளிச் சமையல்காரரை அழைத்து வந்தால் சமையலறைக் கட்டணம், திரும்பத் தரப்படும் பாதுகாப்பு வைப்புத்தொகை. இவற்றுள் எல்லோரையும் திடுக்கிட வைப்பது படப்பிடிப்புக் கட்டணம். இந்த வீடுகள் சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் வாடகைக்குப் போகின்றவை; ஆகவே உங்கள் கைபேசியில் எடுப்பதை யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் தொழில்முறைப் புகைப்படக்காரர் விளக்கும் குடையுமாக வந்து இறங்கினால் அது வேறு விலைப்பட்டியல். கல்யாணத்துக்கு முந்தைய படம் எடுக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லி, தொகையை ஒப்புதல் கடிதத்திலேயே எழுத வைத்துவிடுங்கள்.

5. உங்கள் தரப்பு ஆவணங்களைத் தயார் செய்யுங்கள்

தங்கும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் முகவரியோடு கூடிய அடையாளச் சான்று தேவை. ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் ஆகியவற்றில் ஒன்று போதும். பான் அட்டையில் முகவரி இல்லாததால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். ஆதாரின் நகலை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பச் சொன்னால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி அனுப்புங்கள். மூலத்தை நேரில் காட்டிக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு ஆதாரோ பள்ளி அடையாள அட்டையோ கையில் இருந்தால் நல்லது. முழு வீடு எடுப்பவர்கள், தங்கப்போகிறவர்களின் பெயர், வயது, ஊர் அடங்கிய பட்டியலை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிட்டால், நுழையும் நாளில் பதிவேட்டின் முன்னால் இருபது பேர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

மலேசியா, சிங்கப்பூர், இங்கிலாந்து போன்ற நாடுகளிலிருந்து வரும் உறவினர்கள் உங்களோடு தங்குவதானால் இந்தப் பத்தியைத் தவறவிடாதீர்கள். வெளிநாட்டுக் குடிமக்கள் யார் வந்து தங்கினாலும், இடம் கொடுப்பவர் அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்கு இணையம் வழியாகத் தெரிவித்தாக வேண்டும். இதற்கென இணையத்தில் பதிவு செய்துகொள்ளாத சிறிய வீடுகள், வெளிநாட்டு பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் தங்க அனுமதி மறுத்துவிடுவது உண்டு, அதுவும் மாலை ஏழு மணிக்கு, பெட்டிகளை எல்லாம் இறக்கிய பிறகு. உங்கள் சித்தப்பா அந்த ஊரிலேயே பிறந்தவராக இருக்கலாம். கையிலிருப்பது வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் விதி அவருக்கும் பொருந்தும். எனவே வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் பதிவு உங்களிடம் உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். வருகிறவர் பாஸ்போர்ட்டையும் விசாவையும், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை) அட்டை உள்ளவரானால் அதையும், அச்சிட்ட நகலோடு கொண்டு வர வேண்டும்.

விழா நடத்துகிறவர்கள் ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால் காவல் நிலையத்தில் அனுமதி பெற வேண்டும்; இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. நாதசுரத்துக்கு மைக் கட்டாமல் இருந்தால் இந்த அலைச்சலே இல்லை. அந்த வளவில் மைக் இல்லாமலே கேட்கும்.

6. அறைகளைப் பற்றி இன்னும் விரிவாகக் கேளுங்கள்

வளவைச் சுற்றிய அறைகள் முன்பு பெரும்பாலும் சீர் சாமான்களைப் பூட்டி வைப்பதற்கும் புதுமணத் தம்பதியருக்கும் பயன்பட்டவை. மற்றவர்கள் வளவிலும் முகப்பிலும் பாய் விரித்துப் படுத்தார்கள். அதனால் வெளியிலிருந்து அரண்மனையாகத் தெரியும் வீட்டில் படுக்கையறை சிறியதாகவும், வெளிப்புறம் பார்த்த சன்னல் இல்லாததாகவும் இருப்பது வியப்பில்லை. புதுப்பித்தவர்கள் இரண்டு அறைகளை இணைத்தோ, ஓர் அறையின் மூலையைத் தடுத்தோ குளியலறை அமைத்திருப்பார்கள். முகப்பின் படம் வேண்டாம், எங்களுக்குத் தரப்போகும் அறையின் படத்தையும் அதன் குளியலறையின் படத்தையும் அனுப்புங்கள் என்று கேளுங்கள். அறையோடு சேர்ந்த குளியலறையா, வளவைக் கடந்து போக வேண்டுமா என்பது நள்ளிரவில் மழை பெய்யும்போது மிகப் பெரிய வித்தியாசம்.

வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் படிகளைப் பற்றித் தனியாக விசாரியுங்கள். தெருவிலிருந்து திண்ணை உயரம். ஒவ்வொரு கட்டுக்கும் நிலைப்படி உயரம். நிலையின் மேற்சட்டமோ தாழ்வு, குனிந்துதான் நுழைய வேண்டும். மாடிப்படி பெரும்பாலும் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். மழைச்சாரலில் நனைந்த ஆத்தங்குடிக் கல் வழுக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தால் இன்னும் வழுக்கும். முட்டிவலி உள்ளவர்களுக்குக் கீழ்த்தளத்தில், மேற்கத்தியக் கழிப்பறையோடு கூடிய அறை எத்தனை உண்டு என்று எண்ணிக்கையாகக் கேட்டு, அவற்றை அவர்கள் பெயரில் ஒதுக்கி வாங்குங்கள்.

மின்சாரத்தைப் பற்றி: எத்தனை ஏசிகள் ஒரே நேரத்தில் ஓடும், மின்வெட்டில் ஜெனரேட்டர் எதையெதை இயக்கும் என்பவை கேட்க வேண்டிய இரண்டு. விழாவுக்குச் சீரியல் விளக்குகள் போடுவதானால் வீட்டு வயரிங்கில் இணைக்காமல் வாடகை ஜெனரேட்டரில் இணைப்பதே பாதுகாப்பு. தடித்த சுவர்களால் கைபேசிச் சிக்னல் அறைக்குள் கிடைக்காது. வேலையாக மடிக்கணினியோடு வருகிறவர்கள் வைஃபை எந்தக் கட்டு வரை வரும் என்று கேட்டுக்கொள்ளட்டும்.

7. சாப்பாட்டை முதல் நாளே சொல்லிவிடுங்கள்

இங்கே சாப்பாட்டுக்கு இலைக்கு இவ்வளவு என்றுதான் விலை பேசுவார்கள். அந்த விலையில் எத்தனை அசைவ வகை அடக்கம், இரண்டாம் முறை பரிமாறுவது உண்டா, குழந்தைகளுக்குக் குறைவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்றன்று வாங்கிச் சமைக்கும் சமையலறை என்பதால் மறுநாள் மதியத்துக்கு வேண்டியதை முந்தைய மாலைக்குள் சொல்ல வேண்டும்; காலை பதினோரு மணிக்கு நாட்டுக்கோழி கேட்டால் கிடைக்காது. கவுனி அரிசி, கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம் போன்றவை வேண்டுமென்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள், ஊறவைக்கவும் அரைக்கவும் நேரம் வேண்டும்.

சில வீடுகளில் சாமி அறை உள்ள கட்டுப் பகுதியில் அசைவம் பரிமாறமாட்டார்கள். சில வீடுகளில் செவ்வாய், வெள்ளி முழுக்கச் சைவம்தான். மது பெரும்பாலான குடும்ப வீடுகளில் அனுமதி இல்லை. வெளிச் சமையல்காரரை அழைத்து வருகிறவர்கள் ஒரு வசதியைத் தெரிந்துகொள்ளலாம்: பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. கொல்லைப்புறக் கதவின் சாவியைக் கேட்டு வாங்கிவிட்டால், பாத்திரமும் காய்கறியும் விருந்தினர் நடுவே முகப்பு வழியாக வராமல் பின்தெரு வழியாகவே வந்து போய்விடும்.

8. போய்ச் சேரும் நேரத்தை வீட்டு நேரத்தோடு பொருத்துங்கள்

திருச்சி, மதுரை ஆகிய இரண்டு விமான நிலையங்களிலிருந்தும் காரைக்குடிக்குச் சாலை வழியே ஏறத்தாழ இரண்டு மணி நேரம். சென்னையிலிருந்து பல்லவன் விரைவு ரயில் பிற்பகலில் புறப்பட்டு இரவில் காரைக்குடி சேர்கிறது. திரும்பும் ரயில் அதிகாலையில் கிளம்புகிறது. ராமேசுவரம் செல்லும் இரவு ரயில்களில் வந்தால் விடியும் முன்பே இறங்க நேரிடும். கானாடுகாத்தானுக்குச் செட்டிநாடு என்ற பெயரிலேயே தனி நிலையம் உண்டு என்றாலும் எல்லா ரயிலும் அங்கே நிற்பதில்லை. காரைக்குடியில் இறங்கிச் சுமார் 15 கிலோமீட்டர் காரில் போவதே பலருக்கு வசதி. ரயில் முன்பதிவு 60 நாள் முன்புதான் திறக்கிறது, வீட்டையோ அதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். ஆகவே ரயில் கிடைக்காவிட்டால் தேதியை ஒரு நாள் தள்ள முடியுமா என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அறை நண்பகலுக்கோ இரண்டு மணிக்கோதான் கிடைக்கும். விடியற்காலையில் இறங்குகிறவர்கள் முதல் நாள் இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்யலாம், அல்லது குளித்து உடைமாற்ற ஓர் அறை மட்டும் கேட்கலாம். இரவு பத்து மணிக்குச் சேர்கிறவர்கள், கதவைத் திறக்க ஆள் இருப்பாரா, சாப்பாடு எடுத்து வைப்பார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கிராமத்தில் அந்த நேரத்தில் கடை இருக்காது, பயன்பாட்டுச் செயலியில் வண்டி கிடைப்பதையும் நம்ப முடியாது. வாடகைக் காரை வீட்டாரிடமே முன்பே சொல்லி வைக்கலாம்.

9. நுழையும்போதும் வெளியேறும்போதும்

மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன், ஒப்புதல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்துக்கொள்பவரோடு எல்லா அறைகளையும் திறந்து பாருங்கள். ஏற்கெனவே உள்ள விரிசல், உடைந்த தரைக்கல், கண்ணாடிக் கீறல் ஆகியவற்றைத் தேதி தெரியும்படி கைபேசியில் படமெடுத்து, அங்கேயே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். தரைக்கல் உடைந்தால் ஆத்தங்குடியில் இன்றும் செய்கிறார்கள், மாற்றிவிடலாம். பெல்ஜியம் கண்ணாடிக்கு மாற்று கிடைக்காது. அதற்கு அவர்கள் சொல்வதுதான் விலை.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுப் பூச்சில் ஒட்டுநாடா, ஆணி, பசை எதுவும் படக்கூடாது. அலங்காரக்காரரிடம் இதை நீங்களே நேரில் சொல்லுங்கள். தோரணத்தைத் தூணுக்குத் தூண் கயிற்றில் கட்டலாம், சுவரில் ஒட்டக்கூடாது. மஞ்சள் பூசும் சடங்கை இப்போது எல்லோரும் செய்கிறார்கள். பளிங்கில் விழுந்த மஞ்சள் தண்ணீரை உடனே துடைக்காவிட்டால் கறை இறங்கிவிடும், சுண்ணாம்புச் சுவரில் தெறித்தால் போகவே போகாது. வைப்புத்தொகை திரும்பாமல் போவதற்கு நான் கேள்விப்பட்ட காரணங்களில் உடைந்த பொருட்களைவிட இந்த மஞ்சள் கறைதான் அதிகம். அதைக் கொல்லையிலோ, கீழே தார்ப்பாய் விரித்து வளவின் நடுவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியேறும் நாளுக்கு முந்தைய மாலையே கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதிகாலை ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் இலைக் கணக்கையும் டீசல் கணக்கையும் சரிபார்க்க முடியாது. ஜிஎஸ்டி எண்ணோடு கூடிய பில்லை அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். வேலை செய்தவர்களுக்குக் கொடுக்க நினைப்பதை ஒருவர் கையில் மொத்தமாகக் கொடுக்காமல், சமையல்கார ஆச்சிக்கும் வாசல் பெருக்குபவருக்கும் இரவுக் காவலருக்கும் தனித்தனியாக அவரவர் கையில் கொடுங்கள். புறப்படும் முன் அறைகளை மீண்டும் ஒரு சுற்றுப் பார்த்து, சாவிகளை எண்ணி ஒப்படைத்து, வைப்புத்தொகையை அங்கேயே யுபிஐயில் திரும்பப் பெறுங்கள். ஊருக்குப் போனதும் அனுப்புகிறோம் என்றால், எந்தத் தேதிக்குள் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு காரில் ஏறுங்கள்.